தூக்கத்தில் 'நான்' எங்கே?

கேள்வி: ஆழ்ந்து தூங்கும்போது உடம்பும் தெரியவில்லை, உலகமும் தெரியவில்லை. அப்போது ஆன்மா எங்கே போகிறது?

பதில்: எங்கேயும் போவதில்லை என்கிறது, ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றே என்று சொல்லும் அத்வைதம். காலையில் எழுந்ததும் 'நல்லா தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்கிறீர்களே, அந்த 'ஒன்றுமே தெரியவில்லை' என்பது யாருக்குத் தெரிந்தது? மாண்டூக்கிய உபநிஷதம் வெறும் 12 மந்திரங்கள்தான், ஆனால் விழிப்பு, கனவு, தூக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மூன்றும் வந்து போகும்போதும் மாறாமல் இருப்பதை 'நான்காவது' என்கிறது. துரியம் என்று நாம் சொல்வது அதைத்தான். பேரைப் பார்த்து அது தனியாக இன்னொரு நிலை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து அதைத் தியானத்தில் எங்கோ தேடிக் களைத்துப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கனவு கண்டது, தூங்கியது, இதைப் படிப்பது எல்லாவற்றிலும் இருப்பது அதுவே.

ரமணர் 1896-ல் மதுரையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் வந்தபோது பிணம்போலப் படுத்து, உடம்பு செத்தால் நானும் சாகிறேனா என்று உள்ளே பார்த்தார். சரி, நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாளை காலை கண் விழித்ததும் பேரும் வேலையும் ஞாபகம் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு கணத்தைக் கவனியுங்கள், அப்புறம் எழுதுங்கள்.