பஸ்ஸுக்குன்னு தனி லேன் வந்தா கடை என்னாகும்? – வாசகர் கேள்வி பதில்

பிஆர்டி, அதாவது ரோட்டுல பஸ்ஸுக்குன்னே லேன் ஒதுக்கி, ஸ்டேஷன் மாதிரி ஸ்டாப் கட்டி, ஏறுறதுக்கு முன்னாடியே டிக்கெட் வாங்க வைக்கிற ஏற்பாடு. அத பத்திக் கேள்வி கேட்டவங்கள்ல பாதிக்கு மேல கடை வச்சிருக்கவங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: எங்க ரோட்டுல பிஆர்டி வரப்போகுதுன்னு அளந்துட்டுப் போயிருக்காங்க சார். கடை வாசல்ல வண்டி நிறுத்த இடமே இருக்காதாம். என் கஸ்டமர்ல முக்கால்வாசிப் பேர் கார்லதான் வர்றாங்க. நான் எதிர்க்கிறது தப்பா?

தப்பே இல்ல, உங்க பொழப்பு அது, நீங்க கேக்காம வேற யாரு கேப்பா. ஆனா அந்த "முக்கால்வாசி" எண்ணிப் பார்த்ததா, மனக்கணக்கா? இத ஏன் கேக்குறேன்னா இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல 2006-ல சஸ்ட்ரான்ஸ்ங்கிற அமைப்பு கடைக்காரங்க கிட்டயும் கஸ்டமர்ங்க கிட்டயும் தனித்தனியா கேட்டுப் பார்த்துச்சு. கடைக்காரங்க சொன்னது 41 சதவீதம் பேர் கார்ல வர்றாங்கன்னு. கஸ்டமர்கிட்டயே கேட்டப்ப 22 சதவீதம்தான். கடைக்காரங்க பொய் சொல்லல. கார்ல வர்றவர் உள்ள வந்ததும் "பார்க்கிங்கே கிடைக்கலப்பா"ன்னு புலம்புவாரு, அது மனசுல நின்னுடும், நடந்து வர்றவரும் பஸ்ல வர்றவரும் எப்படி வந்தேன்னு சொல்லவே மாட்டாங்க, வாங்குவாங்க போயிடுவாங்க. அதான் வித்தியாசம்.

அதனால ஒரு ரெண்டு வாரம், பில் போடுறப்பவே எப்படி வந்தீங்கன்னு கேட்டு நோட்டுல கோடு போட்டுட்டே வாங்க, பில் எவ்ளோன்னும் பக்கத்துல எழுதுங்க, ஏன்னா பத்துப் பேர் நடந்து வந்து சின்னச் சின்னதா வாங்குறதும் ஒருத்தர் கார்ல வந்து மொத்தமா வாங்குறதும் கல்லாவுக்கு ஒண்ணு இல்ல. வாசல்ல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிற வண்டி யாரோடதுன்னும் பாருங்க. நிறைய ரோட்டுல அது கடை ஓனரோடதும் வேலை செய்றவங்களோடதும்தான். எண்ணின பிறகும் கார்தான் அதிகம்னு வந்தா (ஃபர்னிச்சர், டைல்ஸ் மாதிரி கடைகளுக்கு அப்படித்தான் வரும்) அந்த நோட்டு உங்களுக்குப் பெரிய ஆயுதம். கருத்துக் கேட்புக் கூட்டத்துல கோஷத்துக்கு பதில் சொல்லாம போயிடலாம், கணக்குக்கு சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: எனக்கு பார்க்கிங் பயம் இல்ல. ரோட்ட தோண்டிப் போட்டுட்டு வருஷக்கணக்கா இழுப்பாங்களே, அதுதான் பயம். அதுக்குள்ள கடைய மூடிடுவேன்.

இந்த மொத்த விஷயத்துல எனக்கு ரொம்ப நியாயமாப் படுற பயம் இதுதான். திட்டம் போடுறவங்க பேசுறது பத்து வருஷம் கழிச்சு இந்த ரோடு எப்படி இருக்கும்னு, சின்னக் கடைக்காரர் பேசுறது அடுத்த மாச வாடகைய. ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம், ஆனா அந்தப் பத்தாவது வருஷத்தப் பாக்க கடை உயிரோட இருக்கணும்ல.

அமெரிக்காவுல ஆல்புகெர்க்கில நடந்தத சொல்றேன். ரூட் 66ங்கிற பழைய நெடுஞ்சாலை போற சென்ட்ரல் அவென்யூலதான் பிஆர்டி போட்டாங்க. வியாபாரிங்க கோர்ட்டுக்கே போனாங்க, கேஸ் நிக்கல. 2016 கடைசில வேலை ஆரம்பிச்சுது, ரோடு வேலையும் முடிஞ்சுது, ஆனா ஓட வேண்டிய எலக்ட்ரிக் பஸ்கள்ல குறைன்னு சொல்லி 2018-ல திருப்பி அனுப்பிட்டாங்க. வேற பஸ் வாங்கி சர்வீஸ் ஒழுங்கா ஆரம்பிச்சது 2019 நவம்பர்ல. அதாவது தூசியையும் தடுப்பையும் கடைக்காரங்க அனுபவிச்சாச்சு, லேனும் போட்டாச்சு, அதுல வந்து இறங்க வேண்டிய கஸ்டமர் மட்டும் வரல. இத நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதனால நீங்க "வேண்டாம்"னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, இதையெல்லாம் எழுத்துல கேளுங்க. மொத்த ரோட்டையும் ஒரே நேரத்துல தோண்டாம துண்டு துண்டா முடிக்கணும், ஒரு துண்டு முடியாம அடுத்தது தொடக்கூடாது. நடைபாதை ஒரு நாளும் அடைபடக்கூடாது. திருவிழா சீசன்ல, நல்லா விக்கிற மாசத்துல வேலை நிறுத்தணும். சொன்ன தேதி தாண்டினா கான்ட்ராக்டருக்கு அபராதம். பஸ் ஆர்டர் போட்டாச்சான்னும் கேளுங்க. இழப்புக்குப் பணமும் கேளுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. கலிபோர்னியாவுல ஓக்லண்ட்ல இன்டர்நேஷனல் புலவார்ட் வழியா 2020-ல பிஆர்டி வந்தப்ப, அந்த ரோட்டு வியாபாரிங்களுக்குன்னு நகராட்சி உதவி நிதி ஒதுக்குச்சு. அங்க முடியும்னா உங்க ரோட்டுலயும் கேக்கலாம்.

கேள்வி: லேன் நடுவுல வந்தா நல்லதா, ஓரத்துல வந்தா நல்லதா?

பஸ்ஸுக்கு நடு ரோடு நல்லது, யாரும் குறுக்க வண்டிய நிறுத்த முடியாது. கடைக்கு ரெண்டுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஓரத்துல போட்டா லோடு இறக்குற இடமே போச்சு. நடுவுல போட்டா ஓரம் தப்பிக்கும், ஆனா எதிர்ப்பக்கம் திரும்புற வழி பல இடத்துல அடைபடும், டெலிவரி வண்டி ரொம்ப தூரம் போய் யூ டர்ன் அடிச்சு வரணும். சிகாகோவுல 2013-ல ஆஷ்லண்ட் அவென்யூவுக்கு பிஆர்டி அறிவிச்சப்ப வியாபாரிங்க கொதிச்சது பெரும்பாலும் இந்தத் திரும்புற விஷயத்துக்குத்தான், கடைசில திட்டம் அப்படியே நின்னுடுச்சு. கிராசிங் எத்தனை, எங்கெங்க, லோடு இறக்க எந்த நேரம், பக்கத்துத் தெருவுல இடம் இருக்கா, இந்த நாலையும் வரைபடத்துல காட்டச் சொல்லுங்க.

கேள்வி: நான் தினமும் பஸ்ல போறவ. நாலு கடைக்காரங்களுக்காக ஆயிரக்கணக்கான பேர் டிராபிக்ல நிக்கணுமா? ஏன் இவங்களுக்கு இவ்ளோ எடம் கொடுத்து எழுதுறீங்க?

உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா, உங்க பக்கம் பலமாவே இருக்கு. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளோட நாக்டோ அமைப்பு கொடுக்குற கணக்குப்படி, கார் ஓடுற ஒரு லேன் மணிக்கு 600-ல இருந்து 1,600 பேரக் கொண்டுபோகும், அதே லேன பஸ்ஸுக்கு ஒதுக்கினா 4,000-ல இருந்து 8,000 பேர். நானும் இந்த லேன் வரணும்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்களுக்குக் கிடைக்கிற லாபம் ஆளுக்கு இருபது நிமிஷம்னு ஆயிரம் பேருக்குப் பிரியுது, நஷ்டம் முழுக்க ஒரே ரோட்டுல இருக்குற கொஞ்சம் பேர் தலைல விழுது. அந்தக் கொஞ்சம் பேரு கத்தத்தான் செய்வாங்க. உங்க லாபத்துல இருந்து கொஞ்சம் எடுத்து அவங்களுக்குக் கொடுக்கலாம்னு சொன்னா அது உங்களுக்கு எதிரா பேசுறது இல்ல.

இன்னொண்ணு, நீங்களும் கூட்டத்துக்குப் போங்க. வேலை நாள்ல பகல்ல கூட்டம் வச்சா பஸ்ல போறவங்க வரமுடியாது, கடைக்காரங்க மட்டும் வருவாங்க, அப்புறம் எல்லாருமே எதிர்ப்புன்னு குறிப்பு எழுதிடுவாங்க. சாயங்காலம் வைக்கச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: டெல்லில போட்டு இடிச்சே தள்ளிட்டாங்களே?

ஆமா. அம்பேத்கர் நகர்ல இருந்து மூல்சந்த் வரைக்கும், 5.8 கிலோமீட்டர், 2008-ல ஆரம்பிச்சாங்க, 2016-ல இடிச்சாங்க. அங்க பெருசா சத்தம் போட்டது கார்க்காரங்க. அவ்ளோ குட்டித் துண்டுல பஸ் என்ன நேரத்த மிச்சம் பிடிச்சிடும்? அந்தத் துண்டு முடிஞ்சதும் பழையபடி நெரிசல்தான்.

கேள்வி: பிரேசில்ல கடைக்காரங்களே அப்புறம் பஸ் லேன் வேணும்னு கெஞ்சிக் கேட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

குரிச்சிபா நகரம். ஆனா அந்தக் கதை பஸ் லேன் பத்தினது இல்ல. 1972-ல மேயர் ஜைமே லெர்னர் ஒரு கடைத்தெருவ நடக்குறவங்களுக்கு மட்டும்னு மாத்தினாரு, கடைக்காரங்க எதிர்ப்பாங்கன்னு தெரிஞ்சு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு 72 மணி நேரத்துல முடிச்சாரு. வியாபாரம் நல்லா நடக்கவும் எங்க பக்கமும் நீட்டுங்கன்னு அவங்களே கேட்டாங்க. 1974-ல அதே ஊர்ல பஸ் லேன் வந்துச்சு. பலன் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேக்காம ராத்திரியோட ராத்திரியா செய்றத என்னால பாராட்ட முடியல.

கேள்வி: கடை எனக்கு வாடகைதான். கட்டட ஓனர் மட்டும் பிஆர்டி வரட்டும் வரட்டும்னு குதிக்கிறாரு. ஏன்?

ஏன்னா அவருக்கு இடத்தோட மதிப்பு ஏறும். கொலம்பியா தலைநகர் பொகோட்டால 2000-ல டிரான்ஸ்மிலேனியோங்கிற பிஆர்டி வந்த பிறகு ஸ்டேஷன் பக்கத்துல வாடகை கூடுதலாக் கேக்குறது ஆய்வுலயே வந்துச்சு. தோண்டுற காலத்துல நஷ்டம் உங்களுக்கு, முடிஞ்சப்புறம் லாபம் அவருக்கு. வியாபாரிகள் சங்கத்துல ஓனரும் வாடகைக்காரரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கறதால இது வெளிய தெரியிறதில்ல. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அக்ரிமென்ட்ட நீட்டி எழுதி வாங்குங்க, தோண்டுற மாசங்களுக்கு வாடகைக் குறைப்பும் அதுலயே போட்டுடுங்க. இப்ப கேட்டா பேரம் பேசலாம், முதல் பஸ் ஓடின பிறகு அவரு பேசவே மாட்டாரு.