கடத்தல் சிகரெட்டும் கம்பெனிக் கணக்கும்

வணக்கம் சார்,

சிகரெட் வரியை உயர்த்த வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். பெரம்பூரில் எங்கள் மாமா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கம்பெனி சேல்ஸ்மேன் வரும்போதெல்லாம், "வரி ஏறினா யாரும் குடிக்கிறத விடப்போறதில்ல, கடத்தல் சரக்குக்குத்தான் போவாங்க. உங்களுக்கும் நட்டம், அரசாங்கத்துக்கும் நட்டம்" என்கிறாராம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. கட்டுப்பாடு கூடினால் கள்ளச் சரக்கும் கூடும் என்பது உண்மையா?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடத்தல் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் வந்த கன்டெய்னர்களில் சிகரெட் பிடிபட்டிருக்கிறது. பாரிமுனையில் ஒரு கடையில் நானே ஒரு பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கிராம்பு வாசம் அடிக்கும் இந்தோனேசியச் சரக்கு. புற்றுநோய்ப் படம் இல்லை, விலை அச்சடிக்கவில்லை. நம்மூர்ப் பாக்கெட்டில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீத இடம் எச்சரிக்கைக்குப் போக வேண்டும். அந்த விதி வந்தபோது பெரிய கம்பெனிகள் ஆலைகளைக் கொஞ்ச நாள் மூடின. கடத்தல்காரனுக்கு வழிவிடுகிறீர்கள் என்று அப்போதும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. படம் தப்பித்தது.

சரி, வரி ஏறினால் கடத்தல் கூடுமா? கனடாவில் நடந்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே வரி நன்றாக ஏறியது. கனடா பிராண்டுகள் அமெரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக ஏற்றுமதியாகின. ஏற்றுமதிக்கு உள்நாட்டு வரி கிடையாது. ஆனால் அமெரிக்காவில் அந்த பிராண்டுகளைக் குடிக்க ஆளே இல்லை. போன சரக்கு எல்லையோர ஆற்றைக் கடந்து வரி கட்டாமல் கனடாவுக்கே திரும்பியது. கடத்தல் தாங்கவில்லை என்ற கூச்சல் எழுந்து, 1994ல் அரசு வரியைக் குறைத்தது. வரிக் குறைப்பு கேட்டவர்களில் அந்த பிராண்டுகளைத் தயாரித்த கம்பெனிகளும் உண்டு. 2008ல் இம்பீரியல் டொபாக்கோ கனடாவும் ரோத்மன்ஸ் பென்சன் அண்ட் ஹெட்ஜஸும் இந்தக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் இழப்பீடுமாக 100 கோடி கனடா டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தன. அதற்குள் 14 வருடம் ஓடிவிட்டது. குறைந்த விலையில் பழக்கம் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பிரிட்டனில் வேறு கதை. அங்கே 2000 வாக்கில் ஐந்தில் ஒரு சிகரெட் கள்ளச் சரக்கு என்ற நிலை. சுங்கத்தில் ஆளைக் கூட்டினார்கள், துறைமுகங்களில் ஸ்கேனர் வைத்தார்கள், ஏற்றுமதிச் சரக்கு எங்கே போகிறது என்று கம்பெனிகளையும் கேள்வி கேட்டார்கள். வரி ஏறிக்கொண்டேதான் இருந்தது. கள்ளச் சரக்கின் பங்கு ஏறத்தாழப் பாதியானது.

ஆலையிலிருந்து கடை வரை ஒவ்வொரு பாக்கெட்டையும் பின்தொடரும் குறியீடு இருந்தால் சரக்கு எங்கே வழி மாறுகிறது என்று தெரிந்துவிடும். அதற்கும் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனி ‘கோடென்டிஃபை’ என்று தானே ஒன்றை உருவாக்கி மற்ற பெரிய கம்பெனிகளோடு பகிர்ந்துகொண்டது. பாலுக்குப் பூனை காவல். அதனால்தான் 2018ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் கடத்தல் ஒழிப்பு ஒப்பந்தம், இந்தக் கண்காணிப்பைப் புகையிலைக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

விதி எங்கே முடிகிறதோ, கம்பெனிக்காரர்கள் சரியாக அதன் விளிம்பில் போய் நிற்பார்கள். நீளத்துக்கு ஏற்ப வரி போட்டு 65 மில்லிமீட்டரில் கோடு கிழித்தால், 64 மில்லிமீட்டரில் சிகரெட் வரும். குட்காவைத் தடை செய்தால் பான் மசாலா ஒரு பாக்கெட்டிலும் புகையிலை ஒரு பாக்கெட்டிலுமாக வரும். வாங்குகிறவர் உள்ளங்கையில் கலந்துகொள்வார்.

உங்கள் மாமாவின் கவலையை நான் தள்ளவில்லை. அவருக்கு அது அன்றாட வருமானம். ஆனால் அவர் கடையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். டீ குடித்துவிட்டு வரும் கல்லூரிப் பையன்கள் பாக்கெட்டாக வாங்குவதில்லை. சில்லறையை எண்ணி ஒற்றைச் சிகரெட் வாங்கி, கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கைப் படம் மாமாவின் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. அவர்களை எட்டுவது விலை ஒன்றுதான். ஒரு சிகரெட்டுக்கு இரண்டு ரூபாய் ஏறினால், பாரிமுனைக்குப் பஸ் ஏறிப் போய்க் கடத்தல் பாக்கெட் தேடுகிற பையன்கள் இல்லை அவர்கள்.