காரைக்கால் மாங்கனித் திருவிழா: ஒரு நாள் போதுமா?

அன்புள்ள ஐயா,

இந்த ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வரலாமென்று இருக்கிறோம். மாங்கனி இறைக்கும் அன்று காலை வந்து இரவே திரும்புவதாகத் திட்டம். அம்மாவுக்கு எழுபது வயது, பையனுக்கு ஏழு. கூட்டத்தில் எங்கே நிற்பது? நாங்களும் பழம் இறைக்கலாமா? ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசியம் வாருங்கள். ஆனால் இரவே கிளம்பிவிடாதீர்கள். வீதிகளில் நடப்பது காரைக்கால் அம்மையாரின் வாழ்க்கை, நடந்த வரிசைப்படியே. முதல் நாள் மாலை, அவரை மணக்கவந்த வணிகர் பரமதத்தரின் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் காலை புனிதவதியாருக்கும் (அம்மையாரின் இயற்பெயர் அது) பரமதத்தருக்கும் திருக்கல்யாணம். மூன்றாம் நாள்தான் பிச்சாண்டவர், அதாவது பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவன், பவழக்கால் சப்பரத்தில் புறப்படுகிறார். மாங்கனி இறைப்பது அன்றைக்கு.

சப்பரம் கைலாசநாதர் கோயிலிலிருந்து காலையில் கிளம்பி, வீதி சுற்றி அம்மையார் கோயிலுக்கு வர மாலையாகிவிடும். வாசலுக்கு வாசல் தட்டு வாங்கி அர்ச்சனை செய்து தீபாராதனை காட்டுவதால் இந்தத் தாமதம். சுவாமி ஒரு வீட்டைக் கடந்த பிறகுதான் அந்த மாடியிலிருந்து பழம் விழும். அதனால் நெரிசலெல்லாம் சப்பரத்துக்குப் பின்னால்தான். அம்மாவையும் பையனையும் சப்பரம் வருமுன்பே நான்கைந்து வீடு முன்தள்ளி ஒரு வாசற்படியில் உட்காரவையுங்கள். தரிசனம் ஆனதும் பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கிவிடுங்கள்.

பழம் பிடிக்க, ஒரு வேட்டியின் நான்கு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து ஏந்துங்கள். வெறுங்கையோடு தாவுகிறவர்கள்தாம் நெற்றியில் அடிபடுகிறார்கள். கீழே விழுந்ததைக் குனிந்து பொறுக்கவே வேண்டாம், பின்னால் வருகிற கூட்டம் மேலே சாய்ந்துவிடும். நசுங்கிய பழம் தார்ச்சாலையில் வழுக்கும். அம்மாவுக்கு அது கூட்டத்தைவிட ஆபத்து.

நீங்களும் இறைக்கலாம். குழந்தை வரம் வேண்டியும், வேண்டுதல் பலித்ததற்காகவும் பலர் இறைக்கிறார்கள். வீதியில் வீடில்லாதவர்கள், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மாடியேறலாம். நன்கு பழுத்தது உடைந்து சிதறும், பச்சைக்காய் கல்லாக விழும். கைக்கு லேசாக அமுங்கும் செங்காய்தான் சரியான பதம், அதுவும் சின்ன ரகமாகப் பாருங்கள். ஐந்து கிலோ தாராளம். முந்தின நாளே காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துவைத்துப் பாலை வடியவிடுங்கள். பால் பட்டால் தோல் புண்ணாகும். வாரிக் கொட்டாமல், கீழே ஏந்திய துணியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

மாலையில் நடக்கும் அமுது படையலைத் தவறவிடாதீர்கள். இந்த விழாவின் உயிர் அதில்தான் இருக்கிறது. பரமதத்தர் கடையிலிருந்து அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. பசியோடு சிவனடியார் ஒருவர் வந்தபோது சோறு மட்டும்தான் வெந்திருந்தது, கறி ஆகவில்லை. கறிக்குப் பதிலாகத்தான் புனிதவதியார் ஒரு மாங்கனியை இலையில் வைத்தார். அதனால் இன்றும் பிச்சாண்டவருக்குத் தயிர்சோறும் மாங்கனியும்தான் படையல். உங்களுக்கு மாடி கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். இரண்டு மாங்கனிகளோடு தயிர்சோறு கட்டிக்கொண்டு போய்ப் படைத்தாலே போதும். கதைக்கு அதுவே நெருக்கம்.

கணவர் இரண்டாவது பழத்தைக் கேட்டபோது இறையருளால் ஒன்று வந்தது; அதை நம்பாமல் அவர் கேட்ட இன்னொன்றும் வந்து அவர் கையிலேயே மறைந்த பிறகு, அவர் அஞ்சிக் கப்பலேறுகிறார்; பின்பு பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறார். அன்று இரவு நடப்பது அந்தத் திருமணம். மறுநாள் விடியலில் விளக்குகளை அணைத்து, தீப்பந்த வெளிச்சத்தில், கணவர் பிரிந்தபின் பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாருக்கு இறைவன் காட்சி தருவார். கைப்பேசி விளக்கைப் போடாமல் பாருங்கள். இதற்காக இரவு தங்கத்தான் வேண்டும். அந்த வாரம் விடுதி கிடைப்பது கடினம். தேதி அறிவித்ததுமே பதிவுசெய்யுங்கள். காரைக்காலில் கிடைக்காவிட்டால் சுமார் 20 கி.மீ. தெற்கே நாகப்பட்டினத்தில் பார்க்கலாம்.

ஊர் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1954 வரை அவர்களிடம் இருந்தது. அந்தக் காலத்து வீதிகளைக் காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். கடற்கரைக்கு, அரசலாறு கடலில் சேருமிடத்துக்கு, மாலையில் போங்கள். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், பையனைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஆனியில் வர முடியாமல் போனால் மாசி மகத்தன்று, காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள திருமலைராயன்பட்டினம் வாருங்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று அந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பெருமாளின் தேவி பத்மினித் தாயார் தங்கள் குலத்துப் பெண் என்பதால் மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டே வரவேற்பார்கள். மணல் சுடும், வெறுங்காலில் நிற்க முடியாது; அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் குடையும் எடுத்துவாருங்கள்.