கல்லூரி அணிக்கு முன்னாள் மாணவரே பயிற்சியாளராக வரலாமா? கேள்வி பதில்

நீலகிரியில் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி அணிகளுக்கு அந்தந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவர்களையே தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தலாமா என்பது குறித்து மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கருத்துள்ள கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உதகை, இரண்டாமாண்டு மாணவர்: ஐயா, எங்கள் கால்பந்து அணிக்கு இந்த ஆண்டு பகுதிநேரப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தப் போகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அணித்தலைவராக இருந்து மண்டல இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுசென்ற அண்ணன் ஒருவரின் பெயரைத்தான் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். கோவையிலிருந்து வேறொருவரும் விண்ணப்பித்திருக்கிறார். யாரை எடுப்பது சரி?

தம்பி, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இதுவரை யாருக்குப் பயிற்சி அளித்திருக்கிறீர்கள், உங்கள் கையில் வந்தவர்கள் எந்த அளவுக்கு முன்னேறினார்கள்? உங்கள் அண்ணன் நன்றாக ஆடினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஆடியவருக்கு, தான் எப்படி ஆடினோம் என்பதைப் பதினெட்டு வயதுப் பையனுக்குப் படிப்படியாகச் சொல்லித்தரத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த விவாதம் மிகப் பழையது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடி, பிறகு தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற கிளைட் டிரெக்ஸ்லர், 1998இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பயிற்சியளித்த அனுபவம் ஏதும் இல்லாமலேயே தம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். இரண்டு பருவங்களில் அணி கண்டது 19 வெற்றி, 39 தோல்வி. அத்துடன் அவரே விலகிக்கொண்டார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு 1984இல் தேசியப் பட்டம் வென்று தந்த பாட்ரிக் யூவிங், 2017இல் அங்கேயே பயிற்சியாளராகத் திரும்பினார். தொழில்முறை அணிகளில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர்தான், ஆனால் கல்லூரி அணி எதற்கும் அதுவரை பயிற்சி அளித்ததில்லை. 2021-22 பருவத்தில், 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் தங்கள் கல்லூரிக் குழுவுக்குள் ஆடிய 19 லீக் ஆட்டங்களிலும் அணி தோற்றது. 2023இல் அவர் பதவி நீக்கப்பட்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தில் 1930களில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய பேர் பிரையன்ட், மேரிலாந்து, கென்டக்கி, டெக்சாஸ் ஏ அண்ட் எம் என மூன்று இடங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1958இல்தான் தாய்க் கல்லூரிக்குத் திரும்பினார். அங்கே ஆறு தேசியப் பட்டங்களை வென்றார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அதே ஆட்டம் ஆடிய கெர்பி ஸ்மார்ட்டும் அப்படித்தான். போட்டிக் கல்லூரியான அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின்கீழ் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, 2016 பருவத்திலிருந்து தம் கல்லூரி அணியை ஏற்று, 2021, 2022 ஆகிய இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். நால்வருமே தத்தம் கல்லூரியின் செல்லப் பிள்ளைகள். பின் இருவரும் கல்லூரி மாணவர்களைப் பயிற்றுவிக்கும் வேலையை வேறிடத்தில் பழகிய பிறகு வீடு திரும்பினார்கள் என்பதுதான் நான் காணும் வேறுபாடு.

ஆகவே, பயிற்சியளிக்கும் திறமையில் இருவரும் ஒரே தரத்தில் இருந்தால் உங்கள் அண்ணனையே எடுக்கட்டும். தரம் ஒன்றாக இல்லையென்றால், அவர் முன்னாள் மாணவர் என்பதை வைத்து அந்தக் குறையை நிரப்பக் கூடாது.

குன்னூர், கல்லூரி ஆசிரியர்: அமெரிக்க நிலைமையும் நம் நிலைமையும் ஒன்றாகுமா?

ஆகாது. அங்கே அது பெருஞ்சம்பளத்துடன் கூடிய முழுநேரப் பதவி. இங்கே எல்லா அணிகளுக்கும் பொறுப்பு உடற்கல்வி இயக்குநர் ஒருவரே. அந்தப் பணிக்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பிற தகுதிகளும் வேண்டும் என்பதால், நல்ல ஆட்டக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக முன்னாள் மாணவர் ஒருவரை அதில் அமர்த்த முடியாது. நாம் பேசுவது அவருக்குத் துணையாக, மதிப்பூதியத்துக்கு மாலை நேரத்தில் வரும் பயிற்சியாளரைப் பற்றி. பணம் குறைவு என்பதாலேயே நம் கல்லூரிகள் தெரிந்த முகத்தைத் தேடுகின்றன. இதில் எனக்கு வருத்தம் உண்டு. மதிப்பூதியம் சிறியதாக இருந்தாலும் அதன்கீழ் வந்து நிற்கும் பிள்ளைகளின் மூன்று ஆண்டுகள் சிறியவை அல்ல.

கோத்தகிரி, முன்னாள் மாணவர்: மலையைப் பற்றித் தெரியாத வெளியூர்ப் பயிற்சியாளர் இங்கே வந்து என்ன செய்வார்? நம் பிள்ளைகளின் உடல்வாகும் வாழ்க்கையும் நமக்குத்தானே தெரியும்?

உங்கள் வாதத்தில் பெருமளவு நியாயம் இருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. கீழிருந்து வரும் பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே தம் வழக்கமான ஓட்டப் பயிற்சிகளைக் கொடுத்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் சமவெளிப் பிள்ளைகள் திணறிப்போவார்கள். இங்கே காற்று மெல்லியது என்பதால் நீளமாக அடித்த பந்து கூடுதல் தூரம் செல்லும். அதே கணக்கில் கோவையில் அடித்தால் பந்து ஆளைச் சென்றடையாமல் முன்னமே விழும். மேலே தொண்ணூறு நிமிடமும் சளைக்காமல் ஓடும் பையன், கீழே போய் உச்சிவெயிலில் ஆடும்போது இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே உட்கார்ந்துவிடுவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். எந்தக் கல்லூரியும் அவ்வளவு நாள் முன்னதாக அணியைக் கீழே அனுப்பாது. ஆகவே மாற்று ஆட்டக்காரர்களை முன்கூட்டியே இறக்குவது, உப்பும் நீரும் முந்தின நாளிலிருந்தே கொடுப்பது, முதல் பாதியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றை அறிந்த ஒருவர் அணியோடு இருக்க வேண்டும்.

இதுபோக மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் தெரியாது. ஹட்டிகள் எனப்படும் மலைக் கிராமங்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் பெண்பிள்ளைகளின் வீட்டில் மறுநாள் பயிற்சிக்கே அனுப்ப மாட்டார்கள். மழைக்காலத்தில் மைதானம் வாரக்கணக்கில் சேறாகக் கிடக்கும். இவையெல்லாம் உள்ளூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன அத்தனையையும் நல்ல பயிற்சியாளர் ஒருவருக்கு உடற்கல்வி இயக்குநரும் மூத்த மாணவர்களும் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தற்காப்பு வரிசையை எப்படி அமைப்பது, காயம் பட்ட முழங்காலை எப்போது ஓடவிடுவது என்பவற்றை ஒரு மாதத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. மேலும், மலையை அறிந்தவர் என்பதும் உங்கள் கல்லூரியில் படித்தவர் என்பதும் ஒன்றல்ல. பக்கத்துக் கல்லூரியில் படித்த உள்ளூர்ப் பயிற்சியாளருக்கும் இதே அறிவு உண்டு. அவரை ஏன் யாரும் நினைப்பதில்லை?

கூடலூர், பெற்றோர்: முன்னாள் மாணவர் பயிற்சியாளராக வந்த பிறகு அவருடைய ஊர்ப் பிள்ளைகளுக்கே இடம் கிடைக்கிறது என்று என் மகன் சொல்கிறான். இது எல்லா இடத்திலும் உள்ளதுதானா?

எல்லா இடத்திலும் உண்டு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நம் மலையில் பெரும்பாலான ஊர்களுக்குச் சொந்த அணி உண்டு. கல்லூரியை விட்டு வந்தவர் தம் ஊர் அணிக்கோ எஸ்டேட் அணிக்கோ தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தம்மோடு ஆடும் தம்பி திங்கட்கிழமை கல்லூரி அணிக்கான ஆள்தேர்வில் வந்து நின்றால், அவனுடைய திறமை பயிற்சியாளருக்கு ஏற்கெனவே தெரியும். கூடலூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ இருட்டோடு கிளம்பி, பேருந்தில் வளைவுகளில் குலுங்கி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேரும் பையனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவனைக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிடுவார். அதில் இரண்டு முறை பந்து காலுக்கு வந்தால் அதுவே அதிகம். பயிற்சியாளர் கை சுத்தமானவராகவே இருக்கலாம்; அப்போதும் பையனுக்கு நடந்தது அநீதிதான்.

இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. தேர்வைப் பயிற்சியாளர் ஒருவரிடம் விடாமல், உடற்கல்வி இயக்குநரும் வேறு கல்லூரியைச் சேர்ந்த ஒருவரும் உடன் அமர வேண்டும். பெயரைக் கூப்பிடாமல், சட்டையில் எண்ணைக் குத்தி, எண்ணுக்கு எதிரே மதிப்பெண் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது அரை மணி நேர ஆட்டம் கிடைக்க வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்களின் தேர்வைக் காலையில் வைக்காமல் பத்து மணிக்கு மேல் வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. வெளியூர்ப் பயிற்சியாளர் வந்தாலும் இந்த ஏற்பாடு வேண்டும். முன்னாள் மாணவர் என்றால் கட்டாயம் வேண்டும்.

அருவங்காடு, விளையாட்டு ஆர்வலர்: வெளியே போய் வெற்றி கண்டு திரும்பிய முன்னாள் மாணவரும் தோற்றதுண்டா?

உண்டு. ஸ்காட் ஃப்ராஸ்ட், நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1997இல் அமெரிக்கக் கால்பந்தில் தேசியப் பட்டம் வென்றபோது அணியின் குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர். பயிற்சியாளராக மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தை 2017இல் ஒரு தோல்வியும் இல்லாத பருவத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் தாய்க் கல்லூரிக்குத் திரும்பினார். அங்கே 16 வெற்றி, 31 தோல்வி. ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட வெற்றி மிகவில்லை. 2021இல் மூன்றே வெற்றி கிடைத்த பிறகும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அவரை வைத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில்தான் நீக்கினார்கள். வேறொருவராக இருந்திருந்தால் இவ்வளவு நாள் பொறுத்திருப்பார்களா என்பது என் ஐயம். முன்னாள் மாணவரை அமர்த்துவதில் உள்ள பெரிய இடரே இதுதான்: அமர்த்துவது எளிது, அனுப்புவது கடினம். நம் ஊரில் இன்னும் கடினம். கல்யாணத்திலும் சாவிலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

பொறுமை தவறென்று நான் சொல்லவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரல்லாத மைக் சிசெவ்ஸ்கி, 1980இல் அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராகி முதல் மூன்று பருவங்களில் மொத்தத்தில் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டார், நிர்வாகம் காத்திருந்தது, பிறகு ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. அந்தப் பொறுமையை வெளியாருக்கும் காட்ட முன்வருகிற கல்லூரிதான் நேர்மையான கல்லூரி.

குன்னூர், மகளிர் கல்லூரி மாணவி: எங்கள் வலைப்பந்து அணிக்கு முன்னாள் மாணவி ஒருவர் ஊதியம் வாங்காமல் பயிற்சி தர முன்வந்திருக்கிறார். ஏற்கலாமா ஐயா?

தாராளமாக ஏற்கலாம் அம்மா; பெண்கள் அணிக்கு நான் மேலே சொன்ன தராசைச் சற்றுத் தளர்த்தவும் தயார். படிப்பு முடிந்து மணமானதும் ஆட்டத்தையே விட்டுவிடும் பெண்களைத்தான் இந்தத் தலைமுறையும் பார்க்கிறது. உங்களைப் போலவே அந்தக் கல்லூரியில் ஆடிய ஒருவர் இன்னும் விசிலோடு மைதானத்தில் நிற்பதைப் பார்ப்பதே உங்களுக்குப் பயன்தரும். ஆனால் ஊதியமின்றி வேண்டாம். போக்குவரத்துச் செலவையாவது கல்லூரி கொடுக்கட்டும், பணி ஆணையும் எழுத்தில் இருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ஊதியம் பெறாமல் பணிபுரிபவரையும் விளையாட்டு மைதானங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. ஆணோ பெண்ணோ, முன்னாள் மாணவரோ வெளியாரோ, எந்தப் பயிற்சியாளரும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு உட்பட்டவர் என்பதை முதல் நாளே அணிக்குச் சொல்லிவிட வேண்டும்.

கொடைக்கானல், முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்: மதிப்பூதியத்தை எங்கள் சங்கமே தருகிறது. அப்படியானால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் எங்களுக்குத்தானே?

இல்லை. பணத்தைக் கல்லூரியின் விளையாட்டு நிதியில் செலுத்துங்கள். ஆளைக் கல்லூரி தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சியாளருக்குச் சங்கம் நேரடியாகப் பணம் கொடுத்தால், உடற்கல்வி இயக்குநர் சொல்லை அவர் கேட்க மாட்டார். சங்கத்தில் இரண்டு அணி பிரிந்தால் மைதானத்திலும் இரண்டு அணி பிரியும்.

மஞ்சூர், அண்மையில் பட்டம் பெற்றவர்: நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கே பயிற்சியாளராக வேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஆசை நல்ல ஆசை, தம்பி. உடனே அங்கே போய் நிற்காதீர்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி நிலைப் பயிற்சியாளர் உரிமத்தை முதலில் பெறுங்கள். பட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் பாருங்கள். இடையில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளி ஒன்றில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். காலின் உட்பக்கத்தால் பந்தைத் தட்டுவதை ஐந்து விதமாக விளக்கியும் புரியாத ஒரு பிள்ளைக்கு ஆறாவது விதத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், உங்களுக்கு இந்தத் தொழில் வரும். பிறகு உங்கள் கல்லூரியைத் தவிர்த்து வேறொரு கல்லூரி அணியில் துணைப் பயிற்சியாளராக ஓரிரு ஆண்டுகள் இருங்கள். உங்களை அணித்தலைவராக அறியாத மாணவர்கள் நீங்கள் சொல்வதை எதற்காகக் கேட்க வேண்டும் என்பது அங்கேதான் உங்களுக்குத் தெரியவரும்.

உதகை, கல்லூரி நிர்வாகி: ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு?

முதலில் ஓராண்டு. ஆண்டு முடிவில் வெற்றி தோல்வியோடு, பயிற்சிக்கு எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை பேர் காயத்தால் விலகினார்கள், முதலாமாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தது என்பதையும் எழுதிவைத்துப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் அடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டியுங்கள். இல்லையென்றால் புதிய மாணவர் சேர்க்கை தொடங்கும் முன்பே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.