பையன் ஃபுட்பால் ஆடலாமா என்று கேட்ட தம்பிக்கு

கோவையிலிருந்து குடும்பத்தோடு ஜூன் மாதம் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்கு வரப்போகும் தம்பி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். எந்த ஏரியாவில் அபார்ட்மென்ட் பார்ப்பது, பழைய கார் வாங்கலாமா, மளிகைக்கு எங்கே போவது, ஒன்பதாம் வகுப்பில் சேரப்போகும் பையன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியே தீருவேன் என்கிறானே, விடலாமா.

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. ஃப்ரிஸ்கோவில் இன்று தடுக்கி விழுந்தால் இந்தியக் கடை. நான் வந்த 1994-இல் ஒரு கட்டு கறிவேப்பிலைக்கு ரிச்சர்ட்சன் வரை யாராவது காரில் அழைத்துப் போனால்தான் உண்டு. அதனால் அந்தக் கவலை எல்லாம் உங்களுக்கு வேண்டாம். நான்காவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றுதான் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

நல்லதைச் சொல்வதற்கு முன் பயமுறுத்தும் விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸஸில் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோத ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்கள் பையன் இரண்டு வருடம் பின்தங்கித்தான் வருகிறான். ஒன்பதாம் வகுப்புக்கென்றே தனி டீம் இருக்கும், பெரும்பாலும் யாரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பமாட்டார்கள். சேர்ப்பது வேறு, ஆடவிடுவது வேறு. ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும்போது டாலஸில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம், அதாவது நம் கணக்கில் 38. கோவைக் காற்றில் வளர்ந்த பிள்ளை அந்த வெயிலில் பாதுகாப்புக் கவசங்களோடு ஓடவேண்டும். வந்து இறங்கிய ஜூனிலேயே காலையில் வெளியே ஓடவிட்டுப் பழக்குங்கள். ஏசி அறையில் உட்காரவைத்துவிட்டு ஆகஸ்டில் களத்தில் இறக்கினால் மயங்கி விழுவான்.

அடுத்தது தலை. தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதை கன்கஷன் என்பார்கள். வெளியே ரத்தம் வராது, பையனும் சொல்லமாட்டான், சொன்னால் ஆடவிடமாட்டார்கள் என்று பயம். டெக்ஸஸில் 2011-இலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தாலே களத்திலிருந்து இறக்கிவிடவேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆடக்கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு பார்க்கவேண்டியது நீங்கள்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, தலை வலிக்கிறது, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுகிறான் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை, எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படிப்பு கெட்டுப்போகுமே என்பீர்கள். அதற்கும் இங்கே ஒரு கடிவாளம் உண்டு. 1984-இல் கொண்டுவந்த சட்டம், "நோ பாஸ், நோ ப்ளே" என்பார்கள். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட்டத்தில் இறங்கமுடியாது. அட்வான்ஸ்டு என்ற கடினமான சில பாடங்களுக்கு மட்டும் விலக்கு. ஃபுட்பாலைச் சாமியாகக் கும்பிடும் மாநிலத்திலேயே இப்படி ஒரு சட்டம் வந்தது, கோச்சுகள் கத்தியும் நின்றது. நம் வீட்டில் 95 வாங்கினாலே ஐந்து எங்கே என்று கேட்பவர்கள் நாம், இதற்குப் பயப்படவேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று, இது என் வயிற்றெரிச்சல். நல்ல ஸ்கூல் வேண்டும் என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் வேலையை நம்மவர்கள் கூசாமல் செய்கிறார்கள், அதை ஒரு சாமர்த்தியமாகப் பார்ட்டியில் பேசவும் செய்கிறார்கள். விளையாட்டு என்று வந்துவிட்டால் அது நடக்காது. பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பு பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்கும். ஆட்டத்துக்காகப் பள்ளி மாறினான் என்று முடிவானால் வார்சிட்டி என்ற பள்ளியின் முதல் டீமில் குறைந்தது ஒரு வருடம் ஆடமுடியாது. வாடகை கூடினாலும் பள்ளி எல்லைக்குள்ளேயே வீடு பிடியுங்கள்.

ஸ்காலர்ஷிப் கனவு வேண்டாம். பக்கத்து ஊர் ஆலனில் கைலர் மர்ரி என்ற பையன் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனாக, தொடக்கத்திலேயே களமிறங்கிய 42 ஆட்டத்தில் 42-ம் ஜெயித்தான். 2012, 13, 14 மூன்று வருடமும் மாநில சாம்பியன். 2019-இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் புது ஆட்டக்காரர்களை எடுத்தபோது முதல் தேர்வே அவன்தான். அந்த ஊர் மைதானத்துக்கு 6 கோடி டாலர், 18,000 இருக்கை. 2012-இல் திறந்து, கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடி, அடுத்த வருடம் திரும்பத் திறந்தார்கள். இத்தனையும் ஒரு ஹைஸ்கூலுக்கு. அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளையும் அப்படி வருவான் என்று வட்டி போட்டுக் கணக்குப் பார்த்தால் வீட்டில் நிம்மதி போய்விடும்.

இவ்வளவு சொன்னபிறகும் என் பதில்: சேர்த்துவிடுங்கள். அவன் ஆடாவிட்டாலும் நீங்கள் போய்ப் பாருங்கள்.

நான் வந்த கதையைச் சொன்னால்தான் இது புரியும். என்னைக் கூட்டிவந்த கன்சல்டிங் கம்பெனி ஆறு பேரை ஒரே அபார்ட்மென்டில் போட்டது, முதல் மாதச் சம்பளத்தை இழுத்தடித்தது. காரும் இல்லை. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஊரே இழுத்துப் பூட்டிக்கொண்டு போகும் என்று யாரும் சொல்லவில்லை. கையில் இருந்தது ரொட்டியும் ஊறுகாயும். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், டைலர் என்ற ஊரில் பிறந்தவர். டாலஸுக்குக் கிழக்கே 160 கிலோமீட்டர் இருக்கும். சனிக்கிழமை அபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தார். "எங்க ஊர் ஸ்கூல் ஆடுது, வா" என்றார்.

அன்று தேதி 1994 நவம்பர் 26. அவர் ஊர் ஜான் டைலர் ஹைஸ்கூலும், டாலஸ் பக்கத்து ப்ளேனோ ஊரின் ப்ளேனோ ஈஸ்ட் ஸ்கூலும். இடம் இர்விங்கில் இருந்த டெக்ஸஸ் ஸ்டேடியம், டாலஸின் என்எஃப்எல் டீமான கௌபாய்ஸ் அப்போது ஆடிய மைதானம், நடுவில் கூரையைத் திறந்தே விட்டிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு இவ்வளவு பெரிய மைதானமா என்று வாய் பிளந்து உட்கார்ந்தேன். விதி ஒன்றும் தெரியாது. யார் எதற்கு விழுகிறார்கள், எதற்கு எழுகிறார்கள் என்று புரியாமல் பக்கத்தில் இருந்தவர்கள் கத்தும்போது நானும் கத்தினேன்.

மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது டைலர் 41-17. நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் நாற்பது ரன் வேண்டும் என்கிற நிலைமை. ஜனங்கள் கார் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். நானும் எழுந்தேன், அவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "கடிகாரம் ஓடிட்டு இருக்குல்ல?"

ப்ளேனோ ஈஸ்ட் ஒரு டச்டவுன் போட்டது. பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று, உதைக்காமல் திரும்பவும் கோட்டைத் தாண்டினால் இரண்டு. புள்ளி எடுத்த டீம் அடுத்து எதிராளிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கவேண்டும் என்பது முறை. தூரமாக உதைக்காமல் பக்கத்திலேயே உருட்டிவிடலாம், பத்து கஜம் தாண்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் பாய்ந்து பிடிக்கலாம். ஆன்சைடு கிக் என்பார்கள். பத்துத் தடவை செய்தால் ஒன்றிரண்டு அமைந்தால் பெரிய விஷயம். ப்ளேனோ ஈஸ்ட் அடுத்தடுத்து மூன்று தடவை அப்படி உருட்டி, மூன்று தடவையும் பந்தைப் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டச்டவுன். 24 விநாடி மிச்சம் இருக்கும்போது 44-41 என்று முன்னால் வந்துவிட்டது. என் பக்கத்து மேசைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது முன்னால் இருப்பது ப்ளேனோ, இனி உருட்டத் தேவையில்லை. ஆழமாக உதைத்தார்கள். டைலர் பையன் ஒருவன் தன் எல்லையின் மூலையில் பந்தை வாங்கினான், ஓடினான், 97 கஜம். ஒருவன் கையும் அவன்மேல் படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. 48-44. முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அமெரிக்காவில் என்னை முதலில் தொட்டுப் பேசிய மனுஷி அவர்தான்.

டைலர் அந்த வருடம் மாநில சாம்பியன் ஆனது. இன்னொரு பிரிவில் ப்ளேனோ சீனியர் ஹைஸ்கூல் ஜெயித்தது. ப்ளேனோ ஈஸ்டுக்கு அந்தத் தோல்விதான் பெயர். திங்கட்கிழமை ஆபீஸில் ப்ளேனோக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தார்கள். காபி மெஷினிடம் நின்று "மூணாவது கிக்கைப் பார்த்தீங்களா" என்று நான் ஒரு வார்த்தை விட்டேன், அவ்வளவுதான். அதுவரை என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத ஆள் காகிதத்தில் கோடு போட்டு எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். இதற்குத்தான் சொல்கிறேன். நம்மவர் ஒருவர் இருபது வருடமாக இங்கே இருக்கிறார், வெள்ளைக்காரன் பேசவேமாட்டேன் என்கிறான் என்று புலம்புகிறார், தன் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் பள்ளி மைதானம் எங்கே என்று தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பள்ளி ஆட்டத்துக்குக் கூட்டம் குறையக்கூடாது என்று, சீசன் நடக்கும் பெரும்பாலான வெள்ளி இரவுகளில் என்எஃப்எல் டிவியில் வராதபடி 1966-லேயே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். நாம் அந்த நேரத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொட்லக் விருந்து வைத்து எந்த ஸ்கூல் ரேங்க் எத்தனை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் பெண் ஆடவில்லை, மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். அதனால் எனக்கு ஆட்டம் கட்டாயமானது. பேண்ட் அப்பாக்கள் இடைவேளையில் மரிம்பா என்ற பெரிய மரக்கட்டை வாத்தியத்தைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடவேண்டும், வாசித்து முடிந்ததும் திரும்ப இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். பேண்டுக்குப் பணம் திரட்டும் பெற்றோரின் பூஸ்டர் கிளப்புக்காக மைதானத் தின்பண்டக் கடையில் நின்று நாச்சோஸ்மேல் சீஸ் ஊற்றியிருக்கிறேன். சோளச் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து அதற்குள்ளேயே சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பை ஊற்றிக் கரண்டி செருகிக் கொடுப்பார்கள், ஃப்ரிட்டோ பை என்று பெயர். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். நவம்பரில் அலுமினிய பெஞ்ச் பனிக்கட்டி மாதிரி இருக்கும், கீழே விரிக்க ஒரு கம்பளி வேண்டும். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும்.

அவள் கடைசி வருடம் பிளேஆஃப் போனோம். பிளேஆஃப் என்றால் தோற்றால் சீசன் அன்றே முடிந்தது. பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஏதாவது ஒரு பொது மைதானம் பிடிப்பார்கள், வேலையிலிருந்து நேராகக் கார் ஓட்டவேண்டும். எங்கள் கிக்கர் ஒரு தெலுங்குப் பையன், சாக்கர், அதாவது நம் ஊர் கால்பந்து, ஆடிக்கொண்டிருந்தவன். உங்கள் பையனுக்குப் பந்து உதைக்க வருமென்றால் கோச்சிடம் அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள், மோதல் குறைவு. இந்தப் பையனின் அப்பா சீசன் முழுக்க ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. முதல் சுற்றுக்கு வந்தார், மடியில் லேப்டாப்போடு. ஏதோ புரொடக்ஷன் பிரச்சினையாம். கடைசி சில விநாடியில் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தோம், இவர் மகன்தான் உதைக்கவேண்டும், கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. எதிர் டீம் அவனைப் பதற்றப்படுத்த டைம்அவுட் கேட்டது. அப்பா லேப்டாப்பை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிக் கம்பிவேலிக்கே போய்விட்டார். பந்து வலதுபக்கக் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். லேப்டாப்பை வாங்க அவர் ரொம்ப நேரம் வரவேயில்லை.

அடுத்த சுற்றில் 28-21 பின்தங்கி, நேரம் முடியும் தறுவாயில் டச்டவுன் போட்டு 28-27. அந்தப் பையன் வந்து ஒரு புள்ளி உதைத்தால் சமன், ஓவர்டைம். கோச் அவனை அனுப்பவில்லை. பந்தோடு கோட்டைத் தாண்டி இரண்டு புள்ளி எடுத்து அங்கேயே ஜெயிக்கப் பார்த்தார். ஓடிய பையனைக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் அமுக்கிவிட்டார்கள். பேண்ட் பிள்ளைகள் வாத்தியத்தை மடியில் வைத்து அழுதார்கள், என் பெண்ணும். பஸ் வரும்வரை நாங்கள் அப்பாக்கள் பார்க்கிங்கில் நின்று சண்டை போட்டோம். தடுக்கமுடியாமல் களைத்துப்போன டீமை ஓவர்டைமில் நிறுத்தினால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்போம், கோச் செய்தது சரி என்பது எதிர்வீட்டுக்காரர் வாதம். முந்தின வாரம் கம்பத்தில் பட்டும் உள்ளே போட்டவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறான், அவனை அனுப்பியிருக்கவேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது அவரைப் பார்த்தால் அதைத்தான் பேசுகிறோம். நீங்கள் வந்து இறங்கியதும் ஒருநாள் வீட்டுக்கு வாங்க, அவரையும் கூப்பிடுகிறேன், இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.