பேட்டர்ன் பாத்து தச்சத விக்கலாமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு கேரளா-தமிழ்நாடு பார்டருக்கு ரெண்டு பக்கமும் இருக்கற தங்கச்சிங்க தையல் கேள்வியா அனுப்பிட்டே இருக்கீங்க. இந்த தடவ வந்ததுல முக்காவாசி ஒரே விஷயம் தான், அடுத்தவங்க போட்ட பேட்டர்ன்ல, அதான் துணி வெட்ட அளவா வரஞ்சு வச்ச தாள்ல, தச்சு விக்கறது சரியா தப்பான்னு. ஓணத்துக்கு எல்லாரும் ஸ்டால் போடற நேரம், அதனால உக்காந்து ஒண்ணொண்ணா எழுதறேன்.

வேலந்தாவளத்துல இருந்து: அக்கா, எட்ஸிங்கற ஆன்லைன் கடைல காசு குடுத்து ஒரு கைப்பை பேட்டர்ன் வாங்குனேன். கடைசி பக்கத்துல 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ஓணம் சந்தைல தச்சு விக்கலாமுங்களா?

அம்மிணி, இதுல ரெண்டு விஷயம் இருக்குது, சட்டம் ஒண்ணு, நீ ஒத்துக்கிட்டு வாங்குனது ஒண்ணு. அந்த பிடிஎஃப், அதுல இருக்கற படம், தைக்கற முறைய எழுதியிருக்கற வரி எல்லாம் வரஞ்சவங்களுக்கு சொந்தம், 1957 காப்பிரைட் சட்டத்துல அதுல சந்தேகமே இல்ல. தச்ச பை எப்படின்னு கேட்டா தான் நாட்டுக்கு நாடு மாறுது. அமெரிக்காவுல 1879லயே ஒரு கணக்கு எழுதற புத்தகத்து கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, புத்தகத்த காப்பி அடிக்கக்கூடாது, ஆனா அதுல சொல்லியிருக்கற முறைய யாரு வேணா பயன்படுத்தலாம்னு, அதனால அங்க தச்ச பொருள விக்கறத காப்பிரைட்ட காட்டி தடுக்கறது கஷ்டம். நம்ம சட்டம் வேற மாதிரி, படத்துல இருக்கறத பொருளா செய்யற உரிமையும் வரஞ்சவங்களுக்குன்னு 14ம் பிரிவுல இருக்கு, அப்பறம் 15ம் பிரிவு வந்து அதுல பெரும்பகுதிய எடுத்துருது, அத அடுத்த கேள்விக்கு சொல்றேன்.

ஆனா எனக்கு சட்டத்த விட அந்த ஒரு வரி தான் பெருசா தெரியுது. போட்டிருக்கறது தெரிஞ்சும் யாரு பாக்கப்போறாங்கன்னு விக்கறது சரியில்ல கண்ணு. அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடு, உங்க பேட்டர்ன்ல 20 பை தச்சு எங்க ஊர் சந்தைல விக்கலாம்னு இருக்கேன், உங்க பேர அட்டையில போடறேன், சம்மதமான்னு கேளு. நெறைய பேரு கையால தச்சு கொஞ்சமா விக்கறதுக்கு சரின்னு அவங்க பக்கத்துலயே எழுதி வச்சிருக்காங்க, சிலர் அதுக்கு தனி லைசென்ஸ் விக்கறாங்க. முடியாதுன்னு சொல்லிட்டா விட்ரு, சாதா துணிப்பைக்கு பேட்டர்னே வேண்டாம், ரெண்டு செவ்வகமும் ரெண்டு கைப்பிடியும் போதும்.

கொழிஞ்சாம்பாறை குடும்பஸ்ரீ மகளிர் குழு யூனிட்ல இருந்து: 50 பீஸ் வரைக்கும் தச்சு வித்தா கேஸ் இல்லன்னு எங்க குரூப்ல சொல்றாங்களே, நெஜமாங்க?

நெஜமில்லைங்க, இத எத்தன பேரு நம்பிட்டு இருக்கீங்கன்னு பாத்தா பயமா இருக்கு. அந்த 50 காப்பி அடிக்கறவங்களுக்கு குடுத்த கணக்கு கெடையாது, உரிமைக்காரங்களோட கணக்கு. ஒரு டிசைன பதிவு பண்ண வழி இருந்தும் பதிவு பண்ணாம, உரிமைக்காரரோ அவரு அனுமதி குடுத்தவரோ தொழில் முறையில 50 தடவைக்கு மேல அந்த பொருள செஞ்சிட்டாங்கன்னா அந்த டிசைன் மேல இருக்கற காப்பிரைட் போயிரும், அது தான் 15ம் பிரிவு. 2016ல டில்லி ஹைகோர்ட்ல ரித்து குமாரோட கம்பெனி பிபாங்கற துணி கம்பெனி மேல போட்ட கேஸ் இதுல தான் நிக்காம போச்சு, டிசைன் பதிவு பண்ணல, 50க்கு மேல செஞ்சும் இருந்தாங்க. அவ்வளவு பெரிய டிசைனருக்கே அந்த கதி. ஆனா வீட்ல உக்காந்து பேட்டர்ன் வரையற ஒரு பொண்ணு 50 பீஸ் செஞ்சிருக்கவே மாட்டா, அப்ப இந்த பிரிவு உங்களுக்கு கை குடுக்காது. யூனிட்ல ஆர்டர் எடுக்கறப்ப இத ஞாபகம் வச்சுக்கோங்க.

மீனாட்சிபுரத்துல இருந்து: வாட்ஸப்புல ஒருத்தங்க நூறு பேட்டர்ன் பிடிஎஃப் சும்மா அனுப்பறாங்க, எடுத்துக்கலாமா அக்கா?

எடுக்காதீங்க. தச்சத விக்கறத பத்தி நான் பத்து விதமா யோசிப்பேன், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

ஒரு பேட்டர்ன் எப்படி வருதுன்னு பாருங்க. மொதல்ல ஒரு சைஸுக்கு வரஞ்சு, காடாத்துணில வெட்டி தச்சு, ஆள் மேல போட்டு பாத்து, டார்ட், அதான் உடம்பு வளைவுக்கு புடிக்கற மடிப்பு, எங்க முடியோணும்னு திருத்தி, திரும்ப வெட்டோணும். அப்பறம் அதையே மார்பளவு 32ல இருந்து 44 இன்ச் வரைக்கும் ஒவ்வொரு சைஸா பெருசாக்கோணும், அதுக்கு பேரு கிரேடிங். அங்க தான் முதுகு ஒடியறது, பக்கத் தையல் ஒரு அளவுல கூடும், தோள் வேற அளவுல கூடும், கை சேர்ற ஆர்ம்ஹோல் வளைவு ரெண்டுக்கும் ஒத்து வரோணும், கை அந்த வளைவுல சுருக்கமில்லாம உக்காரோணும், ஒவ்வொரு சைஸுக்கும் நாட்ச், அதான் ரெண்டு துண்டு சேர்ற எடத்து அடையாளம், நேருக்கு நேரா விழோணும். அத ஏ4 பேப்பர்ல துண்டு துண்டா பிரிச்சு, பிரின்ட் அளவு மாறியிருச்சான்னு ஸ்கேல் வச்சு பாக்க ஒரு சின்ன சதுரமும் போட்டு தான் அனுப்பறாங்க. அந்த உழைப்புக்கு அவங்க கேக்கறது ஒரு பிளவுஸ் தையக்கூலி கூட இருக்காது பாதி நேரம். அத நூறு பேருக்கு ஃபார்வேர்ட் பண்றது அவங்க கூலிய எடுக்கறது. நம்ம கூலிய யாராவது அப்படி எடுத்தா விடுவமா?

பொள்ளாச்சில இருந்து: கடைல பாத்த பிளவுஸ் கட்டிங் மாதிரியே நானா டிராஃப்ட் பண்ணி தச்சா?

தாராளமா. கட்டோரி, பிரின்சஸ் கட், அம்பிரெல்லா பாவாடை எல்லாம் யாருக்கும் சொந்தமில்ல. அளவெடுத்து நீயே வரஞ்சது உன்னோடது. துணில இருக்கற பிரின்ட், எம்ப்ராய்டரி படம் இதெல்லாம் வேற கணக்கு, அத அப்படியே எடுக்காத. சில கம்பெனி டிசைன பதிவு பண்ணியிருப்பாங்க, அதுக்கு 10 வருஷம் பாதுகாப்பு, இன்னொரு 5 வருஷம் நீட்டிக்கலாம்.

கோபாலபுரத்துல இருந்து: சோட்டா பீம் படம் போட்ட ஃப்ராக் நல்லா போகுதுங்க அக்கா.

போகும், குழந்தைங்க கேக்கும். ஆனா அந்த பொம்மையும் பேரும் இன்னொருத்தரோடது, எம்ப்ராய்டரி மிஷின்ல ஏத்தி அடிக்கறதுன்னாலும் அனுமதி வேணும். யான, மயில், மாங்கா போடு சாமி, அதுவும் நல்லா போகும்.

சித்தூர்ல இருந்து: பவர்லூம்ல நெஞ்ச கசவு துணி, அதான் ஜரிகைக் கரை போட்ட கேரளா துணி, வாங்கி பட்டுப்பாவாடை தச்சு, குத்தாம்புள்ளி கைத்தறின்னு சொன்னா வெல அதிகமா கெடைக்குது. பேட்டர்ன் என்னோடது தானே?

பேட்டர்ன் உன்னோடது, பேரு உன்னோடதில்ல. குத்தாம்புள்ளிக்கு புவிசார் குறியீடு இருக்கு, அதாவது அந்த ஊர் கைத்தறிக்கு மட்டும் தான் சட்டப்படி அந்த பேரு, திருவில்வாமலை பக்கம் தேவாங்கர் குடும்பங்க தலமுறையா தறில உக்காந்து சேத்த பேரு அது. கசவுக்கரைய நாள் முழுக்க நெய்யறவங்க வெலையும் மிஷின் துணி வெலையும் ஒண்ணா நின்னா மொதல்ல அடிபடறது அவங்க தறி. பவர்லூம் துணின்னே சொல்லி வித்துப் பாரு, உன் தையல் நல்லா இருந்தா வாங்குவாங்க. இத கேட்டதுக்கு உன்ன கோவிச்சுக்கல, ஆனா இந்த ஓணத்துக்கே நிறுத்திரு.

வண்ணாமடையில இருந்து: நானே ஒரு குழந்தை ஏப்ரன் பேட்டர்ன் வரஞ்சிருக்கேன், விக்கலாம்னு இருக்கேன். பதிவு பண்ணோணுங்களா?

ரொம்ப சந்தோஷம் கண்ணு. வரஞ்ச நிமிஷமே காப்பிரைட் வந்துருது, காப்பிரைட்டுக்கு பதிவு கட்டாயம் இல்ல, பண்ணி வச்சா கோர்ட்ல சாட்சியா நிக்கும், அவ்வளவு தான். மொத பக்கத்துலயே உன் பேரும் வருஷமும் போடு. வாங்கறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடியே கண்ணுல படற மாதிரி தமிழ்லயும் மலையாளத்துலயும் இப்படி எழுது: 'இதுல தச்ச ஏப்ரன நீங்க வீட்ல இருந்து விக்கலாம், என் பேர சொல்லுங்க. இந்த பேப்பர யாருக்கும் அனுப்பாதீங்க. கடைக்கு மொத்தமா தைக்கறதா இருந்தா என்கிட்ட பேசுங்க.' அந்த ஏப்ரன் கழுத்துப்பட்டை நீ அனுப்புன படத்துல கொஞ்சம் அகலமா தெரியுது, மூணு வயசு குழந்தைக்கு ஒரு தடவ தச்சு போட்டு பாத்துட்டு அப்பறம் விக்க ஆரம்பி.