கணினிக்குள் ஒலிக்கு வழி அமைத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் எழுப்பும் தம்புராச் சுருதியை ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்ய, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைக்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்: விபி-கேபிள் போன்ற மெய்நிகர் கேபிள் (ஒரு மென்பொருளின் ஒலியை மற்றொன்றுக்குக் கடத்தும் மென்பொருள்) ஒன்றை நிறுவுங்கள், விண்டோஸ் அதை மற்றுமோர் ஒலிக் கருவியாகவே எடுத்துக்கொள்ளும். தம்புரா மென்பொருளின் ஒலியைக் 'கேபிள் இன்புட்' என்பதற்கு அனுப்பி, ரீப்பரில் 'கேபிள் அவுட்புட்' என்பதிலிருந்து பெற வேண்டும். கேபிளின் நிலையிலிருந்து இடப்பட்ட பெயர்கள் என்பதால் தலைகீழாகத் தோன்றுகின்றன. இணைத்ததும் ஸ்பீக்கர் அடங்கிவிடும், அது பழுதன்று. ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டர் வசதியை (உள்வரும் ஒலியை உடனே கேட்பது) இயக்கி ஹெட்போனில் கேளுங்கள். எல்லா இடத்திலும் சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளவிடப்படுகிறது என்பது) ஒன்றாக, 48000 என்றே இருக்கட்டும்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): வில்லுப்பாட்டு ஒன்றை லினக்ஸில் பதிவு செய்கிறோம். ஹைட்ரஜன் என்னும் தாள மென்பொருளில் அமைத்த தாளத்தை, மென்பொருள்களிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் வழியாக, ஆர்டர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுக்கு அனுப்பி, அதனுடன் உடுக்கை வாசித்தால், உடுக்கை ஒலி ஹெட்போனில் பிந்திக் கேட்கிறது. இணைப்புகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாக இட வேண்டியிருக்கிறது.

பதில்: பழியை இணைப்பின் மேல் போடாதீர்கள். ஆர்டரை உருவாக்கிய பால் டேவிஸே தொடங்கிய ஜாக், தன்னுடன் இணைந்த மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே சுற்றில் இயக்குவதால், ஹைட்ரஜனிலிருந்து ஆர்டருக்குப் போகும் ஒலி அந்த வழியில் கூடுதலாகத் தாமதிப்பதில்லை. தாமதம் ஒலி அட்டையின் பஃபரில் (ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடத்தில்) இருக்கிறது. 48000 ரேட்டில் 1024 ஃபிரேம் (ஒலி மாதிரி) கொண்ட பஃபர் என்பது ஏறத்தாழ 21 மில்லிவினாடி. உடுக்கை மைக்கில் நுழைந்து ஹெட்போனுக்குத் திரும்புவதற்குள் அதைப் போல் இரு மடங்குக்கு மேலாகிவிடும். பதிவின்போது 256 ஆகக் குறைத்தால் ஒரு சுற்று 5.3 மில்லிவினாடிதான். ஒலியில் வெடிப்பு கேட்டால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். அப்போது ஒரு படி ஏற்றுங்கள். ஒலி அட்டையில் டைரக்ட் மானிட்டர் வசதி (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் விடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்புவது) இருந்தால், உடுக்கை ஒலியை அதன் வழியே கேட்பதே என் தேர்வு. இணைப்புகளை, ஜாக்கைக் கையாளும் கியூஜாக்கன்ட்ரோல் மென்பொருளின் பேட்ச்பேயில் (இணைப்புப் பட்டியலில்) சேமித்து இயக்கிவிட்டால், மென்பொருள்கள் திறக்கும்போது அவை தாமே பொருந்திக்கொள்ளும். ஜாக்கின் வேலையையும் செய்யும் பைப்வயர் உள்ள புதிய லினக்ஸ்களில் இதே வேலையைக் கியூபிடபிள்யூகிராஃப் செய்கிறது.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): மேக்கில் பிளாக்ஹோல் என்னும் மெய்நிகர் கேபிளை வைத்து ஜூமில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். மாணவிகளுக்கு அவர்கள் குரலே திரும்பக் கேட்கிறது. சுருதியோ இடையிடையே மறைகிறது.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஜூமின் ஸ்பீக்கராகவும் பிளாக்ஹோலைத் தேர்ந்திருப்பீர்கள்; அதை ஹெட்போனுக்கு மாற்றினால் எதிரொலி நின்றுவிடும். விடாமல் ஒலிக்கும் சுருதியை ஜூமின் இரைச்சல் நீக்கும் வசதி வேண்டாத சத்தமென்று எண்ணி அகற்றுகிறது. ஜூமின் ஒலி அமைப்பில் இசைக் கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்குங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில் வாசகர்): கீபோர்டின் மிடியை விபி-கேபிள் வழியாக அனுப்ப முடியவில்லையே?

பதில்: முடியாது. மிடி என்பது எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்னும் கட்டளையேயன்றி ஒலியன்று. விண்டோஸில் லூப்மிடியும், மேக்கில் உடன்வரும் ஐஏசி டிரைவரும் அதற்கானவை.